வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஹேண்டில்பார்

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. போட்டோவுக்கா உக்காந்திருக்கீங்க?"

"நான் எங்க பிடிச்சேன்? என் வயிறே இவ்வளவுதான்."

"பத்தொம்பது வருஷமா பாக்கற வயிறு, எனக்குத் தெரியாதா. விடுங்க மூச்சை."

கணவர் மூச்சை விட்டார். வயிறு பெட்ரோல் டாங்கை நோக்கி இரண்டு அங்குலம் முன்னேறியது. அவள் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துவைத்துக்கொண்டு, அளவு நாடாவை அவருடைய தோள்பட்டையில் வைத்து முழங்கை வரைக்கும், அங்கிருந்து மணிக்கட்டு வரைக்கும் இழுத்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சட்டை அளவுகள் எழுதும் அதே நோட்டில் எழுதிக்கொண்டாள். பெயர் எழுதும் இடத்தில் 'இவர்' என்று இருந்தது. உடுப்பு என்ற இடத்தில் 'ஹேண்டில்பார்'.

திங்கட்கிழமை சாயங்காலம். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தில், அவருடைய மோட்டார் சைக்கிள் நடு ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் அவர் தேரில் ஏற்றிய மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாடிப்படி ஏறப் போன எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார்.

"என்ன டெய்லரம்மா, வண்டிக்கு சட்டை தைக்கறீங்களா?"

"இல்லைங்க. வண்டிக்கு ஏத்த மாதிரி இவரைத்தான் பிடிச்சுத் தைக்கணும் போலிருக்கு."

பக்கத்துத் தெருவில் அவளுக்குச் சொந்தமாகத் தையல் கடை இருக்கிறது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஹோட்டல் என்று வேலைக்குப் போகிறவர்களின் சீருடைதான் அங்கே தைப்பார்கள். கணவர் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறார். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பல்லைச் செதுக்கி, நிறம் தீட்டி, வாயில் பிறந்த பல்லோ என்று நினைக்க வைக்கும் வேலை. விரல்தான் அவருடைய மூலதனம். அந்த விரலில்தான் பிரச்சினை வந்திருந்தது.

வண்டியில் முக்கால் மணி நேரம் போனால் போதும், இரண்டு கையிலும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய்விடும். முதலில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. போன வாரம், மூன்று நாள் உழைத்துச் செய்த ஒரு முன்பல் அவர் விரலிலிருந்து நழுவி, தரையில் விழுந்து இரண்டானது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளே அவள் அவரை இழுத்துக்கொண்டு போய் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் நிறுத்தினாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு வாசலுக்கே வந்து அவரை வண்டியில் உட்கார வைத்துப் பார்த்தாள்.

"இந்த ஹேண்டில் ரொம்பத் தாழ்வா இருக்கு சார். உங்களைக் குனிய வைக்குது. உடம்போட பாரம் முழுக்க உள்ளங்கையில இறங்குது. ஹேண்டிலை மாத்துங்க. அப்பவும் விரல் மரத்துச்சுன்னா வண்டியை மறந்துடுங்க. மரத்துப்போற பயணம் இன்னும் ஒண்ணுகூட வேண்டாம்."

இதெல்லாம் நடந்தது தப்பான வாரத்தில். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் இருவரும் வண்டியில் கடலோர ஊர் ஒன்றுக்குப் போவதாக இருந்தது. ஆறு மணி நேரப் பாதை, நாலு நாள் தங்கல். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில், முதல் முறையாக இரண்டே பேர். பாதையை அவள் துணி வெட்டும் காகிதத்தில் வரைந்தே வைத்திருந்தாள். எங்கே காபி, எங்கே நிழல், எங்கே பாலம் என்று.

செய்தி நாத்தனார் காதுக்குப் போய் அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"ஐயோ பாவம், அந்த விரலை வெச்சுக்கிட்டு வண்டியா? நாங்களும் கடல் பக்கம் போகலாம்னுதான் இருந்தோம். கார்ல பின் சீட்டு காலியாத்தானே வருது. நாலு பேருமா ஜாலியா போயிட்டு வரலாம். ரூம் சொல்லணும், வியாழக்கிழமை ஆறு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு."

நாத்தனார் தங்கமான மனுஷி. மகளுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் வந்திருந்து பார்த்துக்கொண்டவர். ஆனால் காரில் ஏறினால், வழியில் தென்படும் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் வாய்விட்டுப் படிப்பார். சும்மா படிக்க மாட்டார், கருத்தும் சொல்வார். ஒருமுறை சுங்கச்சாவடியில் எழுதியிருந்த விதிமுறைகள் அத்தனையையும் வாசித்து முடிக்கும்வரை அவர் கணவர் காரைக் கிளப்ப முடியவில்லை. அந்தப் பின் சீட்டில், நாலு நாள், கைப்பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவே தானும் இவரும் உட்கார்ந்திருப்பதை அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். உடனே அளவு நாடாவைத் தேடி எடுத்தாள்.

"வியாழன் ஆறு மணி. அதுக்குள்ள புது ஹேண்டில் வாங்கி, மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துடணும். விரல் நல்லா இருந்தா வண்டி. இல்லைன்னா கார்."

"நீ என்னமோ பரீட்சைக்கு அட்டவணை போடற மாதிரி சொல்றியே."

"பரீட்சைதான். பெயிலானா உங்க அக்காகூட நாலு நாள்."

கணவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை அளந்துக்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கடையின் கூரையிலிருந்து நூறு ஹேண்டில்பார்களாவது தொங்கியிருக்கும். கறுப்பு, வெள்ளி, தங்க நிறம். அகன்றது, குறுகியது, ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்தது. கடைக்குள் நுழைந்ததும் துணிக்கடையில் புதுச் சரக்கு பிரிக்கும்போது வருகிற படபடப்பு அவளுக்கு வந்தது. கடையை நடத்துவது ஒரு பெண். எல்லாருக்கும் அக்கா. கைநகத்தில் கிரீஸும் மூக்குக் கண்ணாடியில் கயிறுமாக இருந்தாள். நோட்டிலிருந்த அளவுகளைப் படித்துவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அளவெடுத்துக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா. மத்தவங்க எல்லாம் 'அந்தப் பளபளன்னு இருக்கறதை எடுங்க'ம்பாங்க."

அந்த நேரம் பார்த்துக் கணவர், "அந்தப் பளபளன்னு இருக்கறது என்ன?" என்று கேட்டார்.

அது தட்டையான கறுப்பு ஹேண்டில். பந்தயத்தில் போகிறவர்கள் வைப்பது. கடைக்கார அக்கா அதைத் தொடக்கூட இல்லை. "இதைப் போட்டா மூக்காலதான் சார் வண்டி ஓட்டணும்" என்றாள். பிறகு மூன்று விஷயம் சொன்னாள். உயரம் எவ்வளவு என்பது முதுகுக்கு. பிடி எவ்வளவு பின்னால் வளைந்து வருகிறது என்பது தோளுக்கும் முழங்கைக்கும். அகலம் மணிக்கட்டுக்கு. மூன்றும் ஒன்றாகச் சேரவேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் மற்ற இரண்டும் வீண்.

கடையின் நடுவே ஒரு வண்டி தரையோடு பூட்டப்பட்டு நின்றது. சீட், டாங்க், சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் இருந்தன. எஞ்சின் மட்டும் இல்லை. வாங்க வருகிறவர்களை அதில் ஏற்றி, இரண்டு போல்ட்டில் ஹேண்டிலை மாட்டிக் காட்டுவார்கள். அக்கா அதை 'ஓடாத குதிரை' என்றாள். கணவர் குதிரையில் ஏறினார்.

முதலில் மாட்டியது மிக உயரம். கையிரண்டும் காதுக்கு நேராகப் போய் நின்றன.

"யாரோ துப்பாக்கியை நீட்டின மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"மாமியார் வந்துட்டாங்களான்னு நான் திரும்பிப் பாத்தேன்" என்றார் அவர்.

அடுத்தது அகலம் போதவில்லை. அதற்கடுத்தது நன்றாக அமைந்தது. பழைய ஹேண்டிலைவிட ஒரு சாண் உயரம், பிடிகள் உடம்பை நோக்கித் தாராளமாக வளைந்து வந்தன. கணவர் அதைப் பிடித்ததும் அவர் தோள் இரண்டும் தானாகத் தாழ்ந்து இறங்கியதை அவள் பார்த்தாள். சரியான அளவில் தைத்த சட்டையைப் போட்டதும் ஆட்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அது அவர் முகத்தில் வந்தது.

"எப்படி இருக்கு?"

"நாற்காலியில சாஞ்சு பேப்பர் படிக்கற மாதிரி இருக்கு. காபி கொண்டு வரச் சொல்லலாம் போலிருக்கு."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முழங்கை மடிப்பு, மணிக்கட்டின் நேர், முதுகின் சாய்வு எல்லாவற்றையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். பிசகே இல்லை. "கீறல் படாம வெச்சிருந்தா மாத்திக்கலாம்" என்று அக்கா சொன்னதைக்கூட அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை. மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை என்பது போல ஹேண்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை காலை மெக்கானிக் மாட்டினார். அந்த மனிதர் 'ம்ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு 'ம்ம்'முக்கும் ஒவ்வொரு அர்த்தம் உண்டு. கிளட்ச் கேபிள் நீளம் போதவில்லை என்பதற்கு ஒரு 'ம்ம்', நீளமானது தன்னிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு 'ம்ம்'. மாட்டி முடித்து, எஞ்சினைக் கிளப்பி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். கேபிள் எங்கும் இழுபடவில்லை, எஞ்சின் சத்தம் ஏறவில்லை, பிடி டாங்கில் இடிக்கவில்லை. கடைசியாக ஒரு நீளமான 'ம்ம்' வந்தது. அது பாராட்டு.

கணவர் அப்படியே ஒரு சுற்று கிளம்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து அவள் கடை வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"எண்ணிக்கோ. பத்தும் உயிரோட இருக்கு."

"நிஜமா?"

"சத்தியமா. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு."

"அப்ப சாயங்காலம் ரெண்டு பேருமா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து உங்க அக்காவுக்கு போன் பண்ணிடலாம்."

சாயங்காலம் அவள் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். வெறும் ஒத்திகைக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊரைச் சுற்றிப் போகும் பெரிய சாலையில் காற்று முகத்தில் அடித்தது. இருபது நிமிடம் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு சிக்னலில் நின்றபோது, கணவர் இடது கையைத் தொடைக்குப் பக்கத்தில் தாழ்த்தி, அவளுக்குத் தெரியாமல் உதறினார். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மரத்துடுச்சா?"

"இல்லை, சும்மா."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"ஹெல்மெட்டோட எப்படிப் பாக்கறது?"

சாலையோரமாக நிறுத்தச் சொன்னாள். அவர் சுண்டு விரல் நுனியைக் கிள்ளினாள். அவர் முகம் மாறவே இல்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"காலையில விரல் புதுசா இருந்திருக்கும். இப்ப களைச்சுப் போயிருக்கும். ஹேண்டில் மேல குத்தமில்லை, நரம்பே போயிடுச்சோ என்னமோ." கையை மறுபடி உதறிவிட்டுச் சொன்னார்: "கார்லயே போயிடலாம். அக்கா ஆசையாத்தான் கூப்பிடறா."

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "நாளைக்கு ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு." அவர் தட்டைத் துடைத்து வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் கடையில் முதல் ஆள் ஒரு ஹோட்டல் பரிமாறுபவர். புதுக் கோட்டு தைத்தது சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க வந்திருந்தார். அவளுடைய கடையில் ஒரு பழக்கம் உண்டு. சீருடை எதற்கோ அந்த வேலையைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்வாள். நர்ஸ் என்றால் கட்டில் விரிப்பை உதறச் சொல்வாள். வாத்தியார் என்றால் சுவரில் எழுதச் சொல்வாள். பரிமாறுபவர்களுக்கென்றே ஒரு பெரிய தட்டு வைத்திருந்தாள். மனசு எங்கேயோ இருந்தாலும் கை பழக்கப்படி தட்டை எடுத்து நீட்டியது.

அவர் தட்டைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார். கோட்டு எங்கும் பிடிக்கவில்லை.

"சரியா இருக்கு. கழட்டிடுங்க."

"என்னக்கா இன்னைக்கு அவசரம்? காலித் தட்டுல என்ன தெரியும்? எப்பவும் இஸ்திரிப்பெட்டியெல்லாம் ஏத்தித்தானே பாப்பீங்க."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு இஸ்திரிப்பெட்டியையும் கணக்காக நாலு துணிக் கட்டையும் தட்டில் ஏற்றினாள். அவர் தூக்கினார். பாரம் ஏறியதும் அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது, முழங்கை பின்னால் போனது, கோட்டு அக்குளில் விறைத்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா? சுமை வந்தா ஆள் நிக்கற விதமே வேற" என்றார் அவர்.

அவள் அப்படியே நின்றாள். அளவெடுத்த அன்றைக்கு வண்டியில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவள் நாடாவும் கையுமாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடையில், ஓடாத குதிரைமேல், அவர் மட்டும். நேற்றுக் காலை ஒரு மணி நேரம், அவர் மட்டும். சாயங்காலம்தான் பின்னால் சுமை ஏறியது. அறுபத்தெட்டு கிலோ சுமை. இருபது வருடமாக ஊராருக்கெல்லாம் தட்டில் இஸ்திரிப்பெட்டியை ஏற்றிப் பார்த்தவள், தன் வீட்டு வண்டிக்குக் காலித் தட்டில் அளவெடுத்திருக்கிறாள்.

"அக்கா, என்ன ஆச்சு?"

"உங்க கோட்டு திங்கட்கிழமை… இல்லை, செவ்வாய்க்கிழமை ரெடி. நீங்க ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு அவள் கடையைப் பூட்டினாள்.

பல் கட்டும் கூடத்தில் கணவர் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மஞ்சள் போதுமா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மூச்சு வாங்க நின்ற மனைவியைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. லீவு சொல்லுங்க. வண்டி சாவியை எடுங்க."

மெக்கானிக் கடைக்குப் போய் ஹேண்டிலைக் கழற்றி, பழையதை மாட்டி, உதிரிபாகக் கடைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டாகிவிட்டது. கடைக்கார அக்கா ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. இவருக்குப் பிடிச்சிருக்கு. எங்களுக்குத்தான் பிடிக்கலை." அவள் கணவருக்குக் குதிரையைக் காட்டி ஏறச் சொன்னாள். பிறகு அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். "இப்ப நீங்க அளங்க. நான் மேல ஏறப்போறேன்."

போல்ட் வாங்க வந்த இரண்டு பேர் வாங்காமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காலைத் தூக்கிப் போட்டு, எப்போதும் உட்காருகிற மாதிரியே கணவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் முனகிக்கொண்டு இறங்கியது. சீட் சரிந்தது.

"பிரேக் போடற மாதிரி நினைச்சுக்கங்க" என்றாள். அவர் கொஞ்சம் முன்னால் சாய, அவளும் சாய, இருவருமாகச் சீட்டில் வழுக்கிக்கொண்டு டாங்க் வரைக்கும் போனார்கள்.

அக்கா நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"நாலு விரல் அகலம் முன்னாடி போயிட்டார். முழங்கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால நிக்குது. மணிக்கட்டு மடங்குது பாருங்க. இப்படி ஓட்டினா எவனுக்கும் மரத்துப்போகும்."

அவள் கணவரின் தோளுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"நான் உக்காந்தா நீங்க இவ்வளவு முன்னாடி போறீங்களா?"

"கொஞ்சம் போவேன்."

"இது கொஞ்சமா? திரும்பிப் பின்னாடி வர மாட்டீங்களா?"

"வர்றதுக்குள்ள அடுத்த பிரேக் வந்துடுது."

"எத்தனை நாளா?"

கணவர் கூரையில் தொங்கிய ஹேண்டில்களை எண்ணுகிறவர் மாதிரி மேலே பார்த்தார். "வண்டி வாங்கினதுலருந்து."

"ஏன் சொல்லலை? நேத்தாவது சொல்லியிருக்கலாமே. நரம்பே போயிடுச்சுன்னு என்னைப் பயமுறுத்தினீங்களே."

"சந்தேகம் இருந்துச்சு. சொன்னா நீ பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காந்துடுவ."

கடைக்கார அக்காவுக்குத் திடீரென்று கீழே விழுந்த போல்ட் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஆனாலும் விடவில்லை.

"இப்பவும் அது ஒரு வழிதானே? நான் தள்ளி உக்காந்தா முந்தாநாள் வாங்கின ஹேண்டிலே போதுமே."

"அதுக்கு எங்க அக்கா காரே தேவலாம்" என்றார் கணவர்.

அவள் இறங்கவே இல்லை. இருவரும் உட்கார்ந்தபடியே அக்கா ஒவ்வொன்றாக மாட்டினாள். அதே உயரம் வேண்டும், ஆனால் இவ்வளவு பின்வளைவு கூடாது. பிடிகள் முன்னால் நகர்ந்து நிற்கவேண்டும். முதலாவது கூரிய வளைவு, மணிக்கட்டை வெளியே தள்ளியது. இரண்டாவது தாழ்வு. மூன்றாவது வெள்ளி நிறத்தில், பார்வைக்குச் சாதுவாக, யாரும் கேட்காமல் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டியதும் கணவரின் முழங்கை முன்னால் வந்து இலேசாக மடிந்தது. அவள் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருக்கும் இடம் தளர்ந்திருந்தது.

"இதுதான்" என்றாள். அவர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"ஓட்டறவரைக் கேளும்மா" என்றாள் அக்கா.

"அவ சொன்னா சரி. நாங்க ரெண்டு பேரும் ஓட்டறோம்" என்றார் அவர்.

மெக்கானிக் மறுபடியும் ஹேண்டிலோடு இவர்களைப் பார்த்ததும் கேள்வியாக ஒரு 'ம்ம்' விட்டார். அவள் மூச்சுவிடாமல் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வண்டியின் பின்பக்கம் குனிந்து, ஸ்பிரிங்கைக் கருவியால் இரண்டு படி இறுக்கினார். அப்புறம் அவள் வாழ்நாளில் முதல் முறையாக அவரிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தது.

"ரெண்டு பேருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா இதையும் மொதல்லயே செஞ்சிருப்பேன்."

ஹேண்டில் மாட்டி, பிடியின் சாய்வை இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே சரிபார்த்து, இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பிப் பார்த்து முடிக்கும்போது மணி நாலேகால். ஆறு மணிக்குள் ஒரு மணி நேரம் ஓட்டியாக வேண்டும். கிளம்பினார்கள்.

நேற்றுப் போன அதே சாலை. இன்றைக்கு அவள் பேசவில்லை. அவர் தோளுக்கு மேலாக இடது கைச் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பத்து நிமிடம். பிரேக் போட்டார், அவள் முன்னால் சரிந்தாள், அவரும் சரிந்தார், முழங்கை மடிந்து கொடுத்தது. இருபத்தைந்து நிமிடம். நேற்று நின்ற சிக்னல் வந்தது. சிவப்பு விழுந்தது.

"கையை உதறணுமா?"

"வேண்டாம்."

"என்னை ஏமாத்தாதீங்க."

அவர் இடது கையைப் பின்னால் நீட்டினார். அவள் சுண்டு விரலைக் கிள்ளினாள்.

"ஆ. இதென்ன குறடா?"

பத்தொன்பது வருடத்தில் அவர் சொன்ன எந்த வார்த்தையும் அந்த 'ஆ' மாதிரி அவளுக்கு இனித்ததில்லை. வலது கையையும் கேட்டு வாங்கிக் கிள்ளினாள். அதற்கும் ஒரு 'ஆ' கிடைத்தது. பச்சை விழுந்து பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடிக்கும் வரைக்கும் அவர்கள் நகரவில்லை.

நாற்பது நிமிடம் ஆயிற்று. ஊர் முடிந்து இருபுறமும் வெட்டவெளி வந்தது. ரயில் கேட் ஒன்றில் நின்றார்கள், போனார்கள். பாலம் ஒன்றைத் தாண்டினார்கள். மகளுக்கு இந்த ஹேண்டில் கதையை எப்படிச் சொல்லவேண்டும், எதை மறைக்கவேண்டும் என்று இருவரும் சண்டை போட்டார்கள். எந்த இடத்தில் ஒரு மணி நேரம் முடிந்தது என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவள் பையிலிருந்த போன் அடித்தபோது மணி ஐந்து நாற்பது.

ஓரமாக நிறுத்தினார்கள். நாத்தனார்.

"என்ன, முடிவு பண்ணிட்டீங்களா? ரூம்காரர் லைன்ல இருக்கார். ரெண்டா ஒண்ணா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஹேண்டிலை விட்டுவிட்டு, காற்றில் பியானோ வாசிப்பவர் மாதிரி பத்து விரலையும் ஆட்டிக் காட்டினார்.

"ஒண்ணு போதும் அண்ணி. நாங்க வண்டியிலேயே வர்றோம், முன்னாடி பாத்து வெச்ச இடத்துலயே தங்கிக்கறோம்."

மறுமுனையில் நாத்தனார், 'ஒரு ரூம்தான்' என்று ரூம்காரரிடம் வெடுக்கென்று சொன்னது கேட்டது. கோபமோ என்று அவளுக்குத் திக்கென்றது.

"விரல் நெஜமாவே நல்லா இருக்கா?" என்றார் நாத்தனார், வேறொரு குரலில்.

"கிள்ளிப் பாத்துட்டேன். கத்தறார்."

"எவ்வளவு நேரம் ஓட்டினான்?"

"கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகப்போகுது அண்ணி. ரெண்டு பேருமாத்தான்."

"நல்லது. மணிக்கொரு தடவை நிறுத்தச் சொல்லு. தண்ணி குடிக்கச் சொல்லு. அவனுக்குத் தானாத் தோணாது." பிறகு நாத்தனார் கேட்டார்: "எந்த ரோட்டுல போறீங்க?"

"பாலத்து ரோடு. ஏன் அண்ணி?"

"தெரிஞ்சா நாங்க வேற ரோட்டுல வருவோம்ல. வழியில பாத்தா நான் காரை நிறுத்தச் சொல்லுவேன், உங்க அண்ணன் என்னைத் திட்டுவார். அங்க வந்து ஒரே ஒரு வேளை சேந்து சாப்பிடலாம். ஒரு வேளைதான். மத்த நேரமெல்லாம் உங்க பாடு."

"ரெண்டு வேளையா சாப்பிடலாம் அண்ணி" என்றாள்.

"அவ்வளவு தாராளம் வேண்டாம், அப்பறம் வருத்தப்படுவ" என்று நாத்தனார் போனை வைத்துவிட்டார்.

கணவர் வண்டியைத் திருப்ப ஆயத்தமானார். சாலையில் வெயில் சாய்ந்து மஞ்சளாகக் கிடந்தது.

"போலாமா? இன்னும் பெட்டிகூட எடுத்து வைக்கலை. நாளைக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பணும்."

"போலாம். அந்த மேடு வரைக்கும் போயிட்டுத் திரும்பிக்கலாம்."

"எந்த மேடு?"

"அதோ தெரியுதே."

"அது பத்து நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும்."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளம் வர, அவர் பிரேக்கை மிதித்தார். வழக்கம்போல இருவரும் டாங்க் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனார்கள். அவர் பின்னால் தள்ளவில்லை. அவளும் நகரவில்லை. வண்டி மேட்டை நோக்கி வேகமெடுத்தது.